எந்த டார்பிடோவை வாங்குவது? காரைக்குடி முகப்பில் போட்ட ஓர் ஐந்தொகை

அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், மடிக்கணினியோடு நேராக எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டான். கல்லூரியில் கருத்தரங்கமாம். அவனுக்கு விழுந்த தலைப்பு இது: நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாட இந்தியக் கடற்படை எந்த இலகு டார்பிடோவை, அதாவது தண்ணீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் ஆயுதத்தை, நம்பலாம்? நான்கை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்காக வாதாட வேண்டும்.

"மாமா, முடிச்சிட்டேன். எம்யூ90தான். வேகம் 50 நாட், ஆழம் 1000 மீட்டருக்கு மேல. மத்த மூணும் கிட்டக்கூட வரல."

நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு, மணிக்கு 1.85 கிலோமீட்டர். அட்டவணையைக் காட்டினான். நாலு வரிசை. வேகத்தை வைத்து மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தான். கடைசியில் நம் நாட்டு ஷ்யேனா, 33 நாட். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வேறு.

இவன் போன வருஷம் பைக் வாங்கியதும் இப்படித்தான். வேகத்தைப் பார்த்து வாங்கினான். இப்போது ஒரு சின்ன உதிரிபாகத்துக்கு மதுரைக்கு நடையாய் நடக்கிறான். வண்டி மூன்று வாரமாகப் படுதா போர்த்தி நிற்கிறது. "மாப்ளே, அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றேன். முறைத்தான்.

நான் கடற்படைக்காரன் இல்லை. முப்பது வருஷம் மின்கலங்களோடு குப்பை கொட்டியவன். காரைக்குடியில் பிறந்தவனுக்கு அந்தக் கிறுக்கு பிடிப்பதில் அதிசயமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஊர் வாயில் அது 'சிக்ரி'. கடலே இல்லாத ஊருக்கும் டார்பிடோவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், அந்த உறவு மின்கலம்தான். டார்பிடோ எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு ஆழத்தில் தாக்குப்பிடிக்கும் என்பதையெல்லாம் அதன் வயிற்றில் இருப்பதுதான் முடிவு செய்கிறது. அதனால் அவன் அட்டவணையை வயிற்றிலிருந்து திருப்பி எழுதச் சொன்னேன்.

முதலில் சாமான் என்ன என்று பார்ப்போம். நீர்மூழ்கிகள் வயிற்றில் சுமக்கும் கனரக டார்பிடோ 533 மில்லிமீட்டர் விட்டம், ஒரு டன்னுக்கு மேல் எடை. இலகு டார்பிடோ 324 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம் கூடிய ஓரடி. பையன் டேப் எடுத்து எங்கள் முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணை அளந்து பார்த்தான். ஏறத்தாழ அதே பருமன். நீளம் ஒன்பது அடி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூணில் ஒன்பது அடியை வெட்டி எடுத்து, மூக்கில் காதும், நடுவில் 30 முதல் 50 கிலோ வரை வெடிமருந்தும், பின்னால் மின்கலமும் மோட்டாரும் வைத்தால் கிட்டத்தட்ட அதுதான். ஹெலிகாப்டர், ரோந்து விமானம், போர்க்கப்பல் மூன்றிலிருந்தும் போடலாம். போட்ட பிறகு அதற்கு வடமும் கிடையாது, கட்டளையும் கிடையாது. தண்ணீருக்குள் சுழன்று சுழன்று இறங்கி, ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டு, தானே தேடிக் கண்டுபிடித்து அடிக்க வேண்டும்.

இந்த வகையின் மூதாதை 1943-இல் அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து போட்ட ஃபைடோ. ரகசியம் காக்க அதற்குக் 'கண்ணிவெடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேகம் வெறும் 12 நாட். மாட்டுவண்டி இல்லை, ஆனால் சைக்கிள்தான். அந்தச் சைக்கிள் வேகத்தில் 30-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. காரணம் சுலபம்: அன்றைய நீர்மூழ்கி நீருக்கடியில் அதைவிட மெதுவாகப் போனது, அதோடு தன்னை ஒன்று துரத்துகிறது என்பதே அதற்குத் தெரியாது. வேகம் என்பது எதைத் துரத்துகிறோம் என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண். பையனின் அட்டவணையில் துரத்தப்படுகிறவனுக்கு இடமே இல்லை.

சரி, நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஷ்யேனா, விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தின் பிள்ளை. சுருக்கமாக என்.எஸ்.டி.எல். அங்கேயே பாரத் டைனமிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தயாரிக்கிறது. 2012-இல் கடற்படைக்கு வந்தது. எடை 220 கிலோ, வெடிமருந்து 50 கிலோ, வேகம் 33 நாட், ஓட்டம் ஆறு நிமிடம், ஆழம் 540 மீட்டர். வடமொழியில் ஷ்யேனம் என்றால் பருந்தினப் பறவை. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்கும் 'பருந்து' என்றுதான் பெயர். யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் பொருத்தமாக இருக்கிறது.

மார்க் 54 அமெரிக்காவுடையது. இதன் கதையைப் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம்: உடம்பு ஒன்று, தலை வேறு. 1960-களில் வந்த மார்க் 46-இன் உடம்பு, எஞ்சின், வெடிமருந்து. அதன்மேல் 1990-களில் வந்த மார்க் 50-இன் தலை. மார்க் 50 வேதியியல்காரனுக்கு அற்புதமான பொருள். லித்தியத்தையும் சல்பர் ஹெக்சாஃப்ளோரைடையும் வினைபுரிய வைத்து, அந்தச் சூட்டில் நீராவி எடுத்து ஓடும். புகை வெளியே வராது. சோவியத்தின் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிகள் 40 நாட் வேகத்தில் ஆழத்தில் ஓடுகின்றன என்ற பயத்தில் செய்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை, சோவியத்தும் கலைந்தது. தலையை மட்டும் வைத்துக்கொண்டு பழைய உடம்பில் ஒட்டினார்கள். 2004 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எடை 276 கிலோ, வேகம் 40 நாட்டுக்கு மேல்.

ஸ்டிங் ரே பிரிட்டனுடையது. பெயர் நம் தொண்டி மீன் கடைகளில் கிடக்கும் திருக்கைதான். 1983-இல் வந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. 267 கிலோ, 45 நாட், 800 மீட்டர் ஆழம். நார்வேயும் வைத்திருக்கிறது.

எம்யூ90 பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்தது. 304 கிலோ, 50 நாட், 1000 மீட்டருக்கு மேல் ஆழம், வெடிமருந்து 33 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எண்களை மட்டும் பார்த்தால் பையன் சொன்னது சரிதான். இதுதான் முதல் மாணவன்.

இனி வயிறு.

ஷ்யேனாவிலும் ஸ்டிங் ரேயிலும் இருப்பது கடல்நீர் மின்கலம். ஒரு பக்கம் மக்னீசியத் தகடு, மறுபக்கம் வெள்ளி குளோரைடு, நடுவில் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'தான் விஷயம். வருஷக்கணக்கில் உலர்ந்து கிடக்கும். கடலில் விழுந்து உப்புத்தண்ணீர் உள்ளே பாய்ந்த கணத்தில் உயிர் வரும். ஆறு நிமிடம் வாழ்ந்து முடித்துவிடும். இந்த வகை மக்னீசிய மின்கலங்களில் சிக்ரியிலும் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. திருச்சி போகும் வழியில் புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூரில், வெள்ளி சேர்ந்த மின்கலங்களைப் பாதுகாப்புத் துறைக்குச் செய்துகொடுக்கும் ஆலை ஒன்றும் இருக்கிறது. இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் பிறகு வரும்.

இந்த மின்கலத்தின் பலம் அதன் சூனியத்தன்மை. சார்ஜ் செய்ய வேண்டாம், கசியாது, தானாகத் தீப்பிடிக்காது. பலவீனமும் அதே இடத்தில்தான்: ஈரம். நான் வேலை பார்த்த காலத்தில் ஓரிடத்தில் இந்த வகைச் சிறிய கலங்கள் சில பெட்டிகளை ஐப்பசி மழையில் கிட்டங்கியில் வைத்துவிட்டார்கள். உறையின் ஒட்டு சரியில்லை. மழை நின்று திறந்தபோது பாதிக்கு மேல் வெள்ளை பூத்துக் கிடந்தன, ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடித்த மாதிரி. ஒரு சொட்டுக் கடல்நீர் படாமலே வாழ்ந்து முடித்துவிட்டன. போர்க்கப்பலின் மேல்தளத்தில் வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் கிடக்கும் ஆயுதத்துக்கு, அந்த ஒட்டைப் பரிசோதிக்கும் ஆள் எஞ்சினியரைவிட முக்கியம்.

மார்க் 54 எரிபொருளில் ஓடுகிறது. ஆட்டோ எரிபொருள் என்பார்கள். ஆட்டோரிக்ஷாவோடு சம்பந்தமில்லை, கண்டுபிடித்தவர் பெயர். எரிவதற்குக் காற்றே வேண்டாம், தன்னுள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கும் திரவம். மலிவு, சக்தி அதிகம். ஆனால் எரிந்த புகையைக் கடலுக்குள் தள்ளியாக வேண்டும். ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் அந்தப் புகையை உள்ளே தள்ளும், எஞ்சின் திணறும். மின்சார டார்பிடோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்து மீட்டரும் ஐந்நூறு மீட்டரும் அதற்கு ஒன்றுதான். இன்னொன்று, அந்தத் திரவத்தைக் கையாள்கிறவர்களுக்கு நிஜமாகவே மண்டையிடி வரும். நைட்ரேட் சேர்மம், ரத்தக்குழாயை விரியவைக்கும். தனி அறை, தனி உடை, தனிப் பயிற்சி எல்லாம் வேண்டும்.

எம்யூ90-இல் அலுமினியமும் வெள்ளி ஆக்சைடும். கூடவே காரச்சோடாத் தூளையும் சுமந்து போகிறது. கடல்நீர் உள்ளே வந்ததும் அதில் கரைந்து மின்பகுநீர் ஆகிவிடும். அதனால் தண்ணீரில் இருக்கும் உப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. இது சாதாரண விஷயமில்லை. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, அங்கே மக்னீசியக் கலம் மந்தமாகத்தான் விழிக்கும். நம் வங்கக்கடலின் வடகோடியிலும் மழைக்காலத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரில் மேல்மட்ட உப்பு நன்றாகக் குறைந்துவிடும். நமக்குச் சாதகமான ஒன்று சூடு. வெதுவெதுப்பான தண்ணீரில் கடல்நீர் மின்கலம் சுறுசுறுப்பாக எழும். நார்வேக்காரனுக்கு இருக்கும் கவலை நமக்கு இல்லை.

இந்த இடத்தில் பையன் குறுக்கிட்டான். "மாமா, வயிறு எதுவா இருந்தா என்ன? 33 நாட்ல துரத்தி எப்படிப் பிடிக்கும்?"

நல்ல கேள்வி. பேப்பரும் பேனாவும் எடுத்தோம்.

டீசல்-மின்சார நீர்மூழ்கி ஒன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் 20 நாட் போகும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு அதன் மின்கலம் காலி. ஷ்யேனா 33 நாட். வித்தியாசம் 13 நாட், நொடிக்கு ஆறே முக்கால் மீட்டர். ஆறு நிமிடத்தில் 2.4 கிலோமீட்டர் இடைவெளியை அடைத்துவிடும். அதாவது பின்னாலிருந்து துரத்தும் மோசமான நிலையிலும் இலக்கு 2.4 கிலோமீட்டருக்குள் இருந்தால் பிடித்துவிடலாம். எம்யூ90 உச்ச வேகத்தில் 12 கிலோமீட்டர் ஓடும். அதே கணக்கில் 7 கிலோமீட்டர் இடைவெளியை அடைக்கும். மூன்று மடங்கு. பையன் முகம் மலர்ந்தது.

"அவசரப்படாதே. டார்பிடோவை எங்கேயிருந்து போடறாங்க?"

ஹெலிகாப்டர் என்றால் நீர்மூழ்கியின் தலைக்கு மேலேயே வந்து போடும். ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, இருக்குமிடத்தைத் துல்லியமாகப் பிடித்துவிட்டுத்தான் போடும். விமானம் ஒலி மிதவைகளைத் தூவிக் கேட்டுவிட்டுப் போடும். ஒரு கிலோமீட்டருக்குள் போட முடிந்தால் 2.4 கிலோமீட்டர் போதும், 7 மிகை. போட முடியாவிட்டால், நீர்மூழ்கி எங்கே என்றே தெரியாவிட்டால், 7-ம் போதாது. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் என்ற ஒற்றை நீர்மூழ்கியைத் தேடி டார்பிடோக்களை வாரி இறைத்தது. திமிங்கிலங்கள் செத்தன, சான் லூயிஸ் பத்திரமாக ஊர் திரும்பியது. டார்பிடோவில் குறை இருந்ததா என்பதே அங்கே கேள்வியில்லை. காதில் குறை இருந்தது. எனக்கு ஒரு தொகை கொடுத்து, வேகமான டார்பிடோவா, கூடுதல் ஒலி மிதவைகளா என்று கேட்டால் யோசிக்காமல் மிதவை என்பேன்.

கப்பலிலிருந்து போடும்போது மட்டும் இந்த வாதம் இடிக்கும். கப்பல் நீர்மூழ்கிக்கு அவ்வளவு பக்கம் போகக் கூடாது. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் நம் குக்ரி போர்க்கப்பலை பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அடித்துச் சாய்த்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அதற்கான மருந்தாகத்தான் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டை நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. செய்துகொண்டிருக்கிறது. ஏவுகணை ஒன்று இலகு டார்பிடோவைத் தூக்கிக்கொண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்து, நீர்மூழ்கி இருக்கும் இடத்துக்கு மேலே பாராசூட்டில் இறக்கிவிடும். 2020 அக்டோபரில் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து சோதித்தார்கள். பிறகு 2021-இலும் 2024-இலும். ராமேசுவரத்துக்காரர் பெயர் கொண்ட தீவு. தூரத்தை ஏவுகணை பார்த்துக்கொண்டால் டார்பிடோவுக்கு வேண்டியது கடைசி இரண்டு கிலோமீட்டர்தான்.

ஆனால் ஒரு இடத்தில் ஷ்யேனா நிஜமாகவே தோற்கும். அணுசக்தி நீர்மூழ்கி 30 நாட் போனால் வித்தியாசம் 3 நாட்தான். ஆறு நிமிடத்தில் 550 மீட்டர். அது துரத்தல் இல்லை, வழியனுப்பல். இதைப் பையனிடம் மறைக்கவில்லை. நேர்கோட்டில் அளந்தால் காரைக்குடியிலிருந்து சென்னையும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தூரம். அந்தக் கொழும்புத் துறைமுகத்தில் 2014-இல் சீன நீர்மூழ்கி வந்து நின்றுபோனது. இதைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு ஒப்பீடே இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கத்து பாக் நீரிணையில் எந்த டார்பிடோவையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சராசரி ஆழம் ஒன்பது மீட்டர்தான், நீர்மூழ்கி அங்கே முதுகு நனையாமல்தான் நிற்க வேண்டும். தெற்கே மன்னார் வளைகுடா அப்படியில்லை, சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடும். சங்கடமான இடம் இரண்டுக்கும் நடுவில், 50, 100 மீட்டர் ஆழமுள்ள கரையோரக் கடல். அங்கே போடும் டார்பிடோ விழுந்த வேகத்தில் சேற்றில் குத்தாமல் நிமிர வேண்டும். அடித்தரையிலிருந்தும் மேற்பரப்பிலிருந்தும் வரும் எதிரொலிக் கூச்சலில், சும்மா கிடக்கும் பாறையையும் மூச்சடக்கிக் கிடக்கும் நீர்மூழ்கியையும் பிரித்தறிய வேண்டும். தேர்த் திருவிழா இரைச்சலில் நம் வீட்டுப் பிள்ளையின் குரலை மட்டும் பிடிக்கிற வேலை. இங்கே வேகம் உதவாது, மூளைதான் உதவும். மார்க் 54-ஐக் கரையோரக் கடலுக்கென்றே செய்தோம் என்று அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதன் முதல் வடிவத்தைப் பற்றி பென்டகனின் சொந்தச் சோதனை அலுவலகமே குறை எழுதியிருக்கிறது, பிறகு திருத்த வேண்டியிருந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதிரொலியைப் பிரித்தறியும் அந்த மூளைக்கு, அந்தக் கடலின் கூச்சலைக் காட்டிக் காட்டித்தான் பழக்க முடியும். வெளியிலிருந்து வாங்கிய டார்பிடோவின் மூளைப் பெட்டியை நாம் திறக்க முடியாது. வங்கக்கடலில் சேகரித்த ஒலியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதற்குத் தக்கபடி மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால், நம் நீர்மூழ்கிகள் ஓடும் கடலின் குணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. ஷ்யேனாவின் மூளையை விசாகப்பட்டினத்திலேயே திருத்தலாம். என் கணக்கில் இது 17 நாட் வித்தியாசத்தைவிடப் பெரியது.

அடுத்தது பயிற்சிச் செலவு. இந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி பேச்சில் சேர்ந்துகொண்டார். தயிருக்கு உறை வாங்க வந்தவர், 'வெள்ளி' என்ற சொல் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். மூன்று மகள்களின் கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்பியவர். வெள்ளி விலை அவருக்கு நாள்தவறாமல் தெரியும்.

"அதுல வெள்ளியா போடுறாங்க? கடல்ல கொண்டுபோய்க் கொட்டவா?"

பயிற்சிக்கு விடும் டார்பிடோவில் வெடிமருந்து இருக்காது, ஓட்டம் முடிந்ததும் மேலே மிதந்து வரும், படகில் போய் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். ஆனால் கடல்நீர் மின்கலத்தை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு புது மின்கலம். மார்க் 54 இதில் கெட்டிக்காரன்: எஞ்சினைக் கழுவி, திரும்ப எரிபொருள் ஊற்றி, மறுபடி விடலாம். ஆயுதம் எவ்வளவு நல்லது என்பதைவிட, மாலுமி அதை எத்தனை முறை கையால் விட்டுப் பழகியிருக்கிறான் என்பது போர் நாளில் பெரிது. வருஷத்துக்கு ஒன்று விடுகிற கடற்படையும் இருபது விடுகிற கடற்படையும் ஒன்றாகாது.

"ஓடி முடிஞ்சதும் அந்த வெள்ளி என்னாகும்?" ஆச்சி விடவில்லை.

இது நான் எதிர்பார்க்காத கேள்வி, ஆனால் விடை அழகானது. மின்கலம் வேலை செய்யும்போது குளோரைடு பிரிந்து, வெள்ளி வெள்ளியாகவே தகட்டில் தங்கிவிடுகிறது. மீட்டு எடுத்தால் உருக்கிக்கொள்ளலாம்.

"அப்ப செய்கூலி சேதாரம்தானே நட்டம்" என்று சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பையன் தன் அட்டவணையில் 'பயிற்சிச் செலவு' என்று ஒரு பத்தியைச் சேர்த்தான். ஆனால் செய்கூலி பாரத் டைனமிக்ஸுக்கும் மாத்தூருக்கும் போகிறதா, ஐரோப்பாவுக்குப் போகிறதா என்பதும் அதில் வர வேண்டும். வெளிநாட்டு மின்கலமாக இருந்தால் ஒவ்வொரு பயிற்சிக்கும் டாலரோ யூரோவோ எண்ண வேண்டும், போர் வந்தால் கொடுப்பானா என்றும் பார்க்க வேண்டும்.

வெடிமருந்தில் ரொம்ப நேரம் நிற்கத் தேவையில்லை. எம்யூ90-உம் ஸ்டிங் ரேயும் வெடிப்பை ஒரே திசையில் குவித்து உடலைத் துளைக்கும் வகை. அதனால்தான் எம்யூ90-க்கு 33 கிலோ போதுகிறது. ஆனால் சரியான கோணத்தில் போய்க் குத்த வேண்டும். மார்க் 54 சுற்றிலும் வெடிக்கும் பழைய பாணி. இரட்டை உடல் கொண்ட பெரிய நீர்மூழ்கிக்கு முன்னால் குவிவெடிப்பு மேல். இந்த மதிப்பெண்ணை ஐரோப்பியர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கடைசியாக, பையன் யோசித்தே பார்க்காதது: எதில் மாட்டுவது?

ஆஸ்திரேலியாவின் கதையைச் சொன்னேன். அவர்கள் எம்யூ90-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கடையில் வாங்கி மாட்டுகிற சாமான் என்று நினைத்து, போர்க்கப்பல்களிலும் ரோந்து விமானத்திலும் ஹெலிகாப்டர்களிலும் பொருத்தத் திட்டம் போட்டார்கள். காலமும் பணமும் நீண்டுகொண்டே போயின. கடைசியில் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் பொருத்தும் திட்டத்தையே கைவிட்டு, கப்பல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2010-இல் அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் இதை விலாவாரியாக எழுதியது. டார்பிடோவில் குறையில்லை. விமானத்தின் கணினி, ஆயுதத் தொங்கல், போடும் உயரம், வேகம், பாராசூட் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கு ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஆண்டுக்கணக்கில் சோதனை.

நமக்கும் அதே சட்டம்தான். அரக்கோணம் ராஜாளி தளத்திலும் கோவா ஹன்சா தளத்திலும் நிற்கும் பி-8ஐ ரோந்து விமானங்கள் பன்னிரண்டும், கொச்சியில் 2024 மார்ச்சில் படையில் சேர்ந்த எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்களும் அமெரிக்கத் தயாரிப்பு. அவற்றின் கணினிக்கு மார்க் 54 தாய்மொழி. அதனால்தான் 2021 அக்டோபரில் மார்க் 54-உம் விமானத்திலிருந்து வீசும் ஏமாற்றுக் கருவிகளும் சேர்த்து 423 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் அமெரிக்க அரசு அறிவித்த எண்ணிக்கையைப் பாருங்கள்: போர் டார்பிடோ 16, பயிற்சி டார்பிடோ 3. பதினாறை வைத்துக்கொண்டு ஒரு பெருங்கடலைக் காவல் காக்க முடியாது. விரலுக்குத் தகுந்த வீக்கம். அந்த விமானங்களுக்கு அந்த அளவு.

கப்பல்களுக்கும் சிறிய ஹெலிகாப்டர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. சிறிய ஹெலிகாப்டரில் எடை பெரிய விஷயம். இரண்டு டார்பிடோ தொங்கவிட்டால் எம்யூ90-க்கும் ஷ்யேனாவுக்கும் 168 கிலோ வித்தியாசம். அவ்வளவும் எரிபொருளில் கழியும், தேடும் நேரம் குறையும். 2025 ஜூனில் படையில் சேர்ந்த அர்னாலா போன்ற கரையோர வேட்டைக் கப்பல்கள் மொத்தம் பதினாறு வரவிருக்கின்றன. அந்த வரிசையில் சில நம் காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டவை. அவை தேடுவது கரையோரத்தில் பதுங்கும் டீசல் நீர்மூழ்கியை. அங்கே 30 நாட் ஓடுகிற எதிரியும் இல்லை, 1000 மீட்டர் ஆழமும் இல்லை.

ஐந்தொகை போட்டபோது வந்தது இது. கப்பல்களுக்கும் நம் ஹெலிகாப்டர்களுக்கும் ஷ்யேனா, நிறைய எண்ணிக்கையில். பி-8ஐ, எம்எச்-60ஆர் இரண்டுக்கும் மார்க் 54, அவற்றுக்கு வேண்டிய அளவு மட்டும். ஸ்டிங் ரேயை மரியாதையோடு ஒதுக்கிவிடலாம்: ஷ்யேனாவின் அதே வயிறு, கொஞ்சம் நல்ல ஓட்டம், ஆனால் மூளைப் பெட்டி பூட்டியே இருக்கும். எம்யூ90-ஐ ஒதுக்கத்தான் மனம் வரவில்லை. வேதியியல்காரனாகக் கேட்டால் அதுதான் அழகு. ஆனால் புதிதாக ஒரு மூன்றாவது வகையைச் சேர்த்து, அதற்குத் தனி உதிரிபாகம், தனிச் சோதனைக்கூடம், தனிப் பயிற்சி என்று போனால் பையனின் பைக் கதைதான். ஷ்யேனா மேல் நம்பிக்கை வைத்த வெளியாள் ஒருவரும் உண்டு: மியான்மர். 2017-இல் ஒப்பந்தம், 2019-இல் முதல் தொகுதி போனது. ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கு வந்த கடல்வழியே, தூண் பருமனில் ஒன்று திரும்பிப் போயிருக்கிறது.

"அப்ப அணு நீர்மூழ்கி, மாமா?"

அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. விமானம் எதிரிக்கு முன்னால் போய், அது வரும் வழியில் போட்டால் ஷ்யேனாவுக்கும் வாய்ப்பு உண்டு. நேருக்கு நேர் வரும்போது இரண்டின் வேகமும் கூடிக்கொள்ளும். தப்பவிட்டால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. என்.எஸ்.டி.எல்-இல் அடுத்த தலைமுறை இலகு டார்பிடோ வேலை நடக்கிறது, அதற்கு வேண்டியது இன்னும் சக்தி கூடிய மின்கலம். அலுமினியம்-வெள்ளி ஆக்சைடா, லித்தியமா என்று கேட்டால் நான் அலுமினியத்தின் பக்கம். லித்தியம் கப்பலின் வயிற்றில் வருஷக்கணக்கில் கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

பையன் அட்டவணையில் ஷ்யேனா பக்கத்துச் சிவப்புப் புள்ளியை மஞ்சளாக்கினான். பச்சை போட மாட்டானாம், 550 மீட்டர் இருக்கிறவரை. அதுவும் சரிதான்.